பட்டலந்த நமக்கு அந்நியமா?

1988–90 காலத்தில் பட்டலந்த வீடமைப்புத் திட்டத்து வீடுகளில் சிங்கள இளைஞர்கள் அடைத்து வதைக்கப்பட்டனர். 1995இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு அதனை விசாரித்தது. அறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டதோ 2025 மார்ச்சில்!

“முதுமையடைந்த அதிகாரிகளை இனிக் கூண்டில் ஏற்றுவானேன்?” என்கின்றனர் சிலர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், “அது அவர்கள் விவகாரம்” என்பாரும் உண்டு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகலாம் என்ற 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நம் பிள்ளைகள் பட்டதை அதற்குள் மறந்தோமா?

மன்னிப்போம் என்பீர்கள். நல்லதுதான், ஆனால் மன்னிக்க வேண்டியவன் அடிபட்டவன், அரசு அன்று. மேலிடத்துக் கட்டளை என்ற சாக்கை 1994ஆம் ஆண்டுச் சித்திரவதைத் தடைச் சட்டம் ஏற்பதில்லை. அது பின்னர் வந்த சட்டம் என்பது மெய்யே. ஆயினும் அடிப்பதும் அடைத்துவைப்பதும் அதற்கு முன்பே தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். அவற்றுக்கு வழக்குத் தொடர இருந்த இருபது ஆண்டுக் கால எல்லையைக் கடந்துபோக விட்டது ஏன்?