பொதுநூலும் திருத்தும் உரிமையும்

பலர் கூடி ஒரு நூலை எழுதுங்கால், அதன் மொழிநடைக்கு விதி வகுக்கும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினா இலக்கணம் சார்ந்ததாகத் தோன்றினும், ஆராய்ந்து நோக்கின் அறம் சார்ந்ததேயாகும்.

எவரும் எழுதவும் எவரும் திருத்தவும் இடமளிக்கும் விக்கி முறையை, 1995இல் அமெரிக்க நிரலாளரான வாட் கன்னிங்காம் தம் துறையினருக்கென உருவாக்கினார். நடைவிதியின் தேவையை நிரலாளர் நன்கறிவர். பைதன் என்னும் நிரல்மொழிக்கு 2001இலேயே எழுத்துநடை விதிகள் வகுக்கப்பட்டன. ஒரு நிரல்மொழியின் விளக்கநூலில் ஒரே பொருள் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு பெயர் பெறுமாயின், கற்பவன் அவற்றை இருவேறு பொருள்களென மயங்குவான். ஆதலின், ஒருமைப்பாடு வாசகனுக்குச் செய்யும் உதவியாகும். எனினும், ஒருமைப்பாட்டின் பொருட்டுத் தெளிவை இழத்தலாகாது என்று அப்பைதன் விதிகளே எச்சரித்தல் மனங்கொளத்தக்கது.

இம்முறை 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவாக நம் மொழிக்கு வந்தது. இலங்கையரான இ. மயூரநாதன் அதன் தொடக்கப் பணியில் முதன்மை வகித்தார். இலங்கையரும் தமிழகத்தாரும் ஒரே பக்கத்தில் எழுதும்போது, ஒருவர் ரொறன்ரோ என்பதை மற்றவர் டொராண்டோ என்பார். லகரம் மொழிமுதல் வாராது என்னும் விதிகொண்டு இலண்டன் என எழுதுவாரும் உளர். அவ்விதிப்படி நமது லிந்துலையும் இலிந்துலையாதல் வேண்டும். அதனாற் பேரிழப்பு ஒன்றுமில்லை. ஊர் அதே ஊர்தான்.

ஆயின், லிந்துலைத் தோட்டத் தொழிலைப் பற்றி எழுதும் ஒருவர் 'அரைப்பேர்' என்னும் சொல்லை ஆள்கிறார் எனக் கொள்வோம். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால், நாள் முழுதும் மலையில் நின்றவருக்கும் செக்றோலில் அரைப்பேரே விழும். அரைநாட் சம்பளமே கிடைக்கும். தொலைவிலிருந்து திருத்துவோர் அச்சொல்லை 'அரைநாள் ஊதியம்' என மாற்றக்கூடும். அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், அவர் அரைநாளே உழைத்தார் என்று வாசகன் எண்ணுவான். முழுநாள் உழைத்தும் தம் பெயர் பாதியாக எண்ணப்பட்டது என்னும் உண்மை அச்சொல்லோடு மறைந்துவிடும். 'கவ்வாத்து' என்பதைக் 'கவாத்து' எனத் திருத்துதல் எழுத்துத் திருத்தம். இதுவோ சாட்சியத்தைத் திருத்துதல்.

வட்டாரச் சொற்கள் யாவற்றையும் ஏற்பின் பொதுநூல் எவருக்கும் விளங்காது போகும் எனச் சிலர் மறுப்பர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால், அதற்குப் பரிகாரம் நீக்குதலன்று, விளக்குதலே. திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கொண்டமை இங்கு நோக்கற்பாலது. அரைப்பேர் என்பதை நிறுத்தி, அதன் பொருளை அடுத்த வாக்கியத்தில் உரைத்தால் நூல் கெடாது.

எழுத்து மாறினும் பொருள் மாறாதெனின் விதி ஆளட்டும். சொல் மாற ஓர் அனுபவம் மறையுமெனின், எழுதியவரை முதலிற் கேட்டறிதல் திருத்துவோர் கடன். விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது. காரணம் உரைக்க உரையாடற் பக்கமும் உண்டு. ஆதலின், வாய்ப்பில்லை என எவரும் கூறவியலாது. அவ்வுரையாடலில் மலையக மாணவரும் பங்குகொள்ளல் வேண்டும். அவர்கள் பேசாதவிடத்து வகுக்கப்படும் விதி, பலருக்கு உரியதாயினும், பொதுவிதி ஆகாது.