“இது எந்தக் கட்சி சார்புல?”

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவின் முதல் விதி, அரசியல் பதிவு போடக் கூடாது என்பது. பள்ளி நண்பர்கள் குழுவிலும் அதே விதிதான். சொந்தக்காரர்கள் குழுவில், ஒரு தேர்தல் சமயத்தில் இரண்டு சித்தப்பாக்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட பிறகு அந்த விதி வந்துவிட்டது. ரேஷன் அரிசி முதல் நீட் தேர்வு வரை அரசியல் நுழையாத வீடு கிடையாது. ஆனாலும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறோம். இந்த அமைதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதை நினைத்துப் பயப்படுகிறார், எதை நம்புகிறார் என்று தெரியாமலே அவரோடு பொங்கல் பகிர்ந்து உண்பது என்ன உறவு? புதுக்கோட்டையில் அரசியல் நூல்களுக்கென்றே ஒரு வாசகர் வட்டத்தைத் தொடங்கக் காரணம் அந்தக் கேள்விதான்.

அழைக்கப் போன இடத்திலெல்லாம், “அண்ணே, இது எந்தக் கட்சி சார்புல?” என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ்நாட்டில் சேர்ந்து படிக்கும் வழக்கம் இயக்கங்களோடு வளர்ந்தது. படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கம்யூனிஸ்ட் அறிக்கையைப் பெரியாரின் ‘குடிஅரசு’ 1931இலேயே தமிழில் வெளியிட்டது. அம்பேத்கர் 1936இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையையும் அதே இதழ் விரைவில் தமிழருக்குக் கொண்டுவந்தது. அந்த மரபு இல்லையென்றால் நான் இல்லை. என்றாலும் படிப்பகத்தின் வாசலில் ஒரு கொடி பறந்தது. உள்ளே வந்தவர் பெரும்பாலும் அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டவர். மாற்றுக் கருத்துக்காரரும் வந்து உட்காரும் இடம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

நேரம் குறிப்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. இரவு ஏழு மணி என்றால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி என்று வைத்தோம், பெண்கள் வந்தார்கள்.

முதல் நூலாக, பத்திரிகையாளர் சாய்நாத் 1996இல் வெளியிட்ட, நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களைப் பற்றிய நூலை எடுத்துக்கொண்டோம். இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் வருகின்றன. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய கதை அதில் இருக்கிறது. குழந்தையைக் கம்பியில் உட்காரவைக்கலாம் என்பதால் ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள் என்று அவர் எழுதுகிறார். அந்தப் பக்கம் வந்ததும் இது எந்த ஆட்சியின் சாதனை என்று இருவர் மோதிக்கொண்டார்கள். அப்போது சைக்கிள் பழகிய ஓர் அம்மா குறுக்கிட்டார்: “எந்த ஆட்சின்னு ஞாபகம் இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரரு வேணாம்னு சொன்னது ஞாபகம் இருக்கு.” அதன்பின் பேச்சு அவரை நோக்கித் திரும்பியது. படித்து, சைக்கிளும் ஓட்டிய பிறகு கூலி உயர்ந்ததா என்று ஓர் இளைஞர் கேட்டார். தொலைக்காட்சி விவாதங்களில் இத்தனை வருடங்களாக யாரும் கேட்டு நான் பார்த்திராத கேள்வி அது.

எங்களுக்கு உள்ள விதி ஒன்றுதான். எதைச் சொன்னாலும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். “ஊருக்கே தெரியுமே” என்று யாராவது தொடங்கினால் மற்றவர்கள் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்துவார்கள். கையிலிருக்கும் பக்கத்தோடு சண்டை போடலாம். அதில் எதிரில் இருப்பவரின் சாதியோ குடும்பமோ இழுபடுவதில்லை.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை வாசித்தோம். தலைவர்களைத் துதிபாடுவது இந்த நாட்டைச் சர்வாதிகாரத்துக்குக் கொண்டுபோகும் என்று அவர் எச்சரிக்கும் இடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரும் அதை அடுத்தவரின் தலைவருக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது பேசத் தொடங்கியதும் தெரிந்தது. குரல்கள் உயர்ந்தன. ஒருவர் எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர் இல்லாத வட்டம் எங்களுக்கு வசதியானது. அந்த வசதிக்காக இதைத் தொடங்கவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் ஒரு வழக்கம் வந்தது. ஒரு நூலைப் பரிந்துரைப்பவர் அதை அறிமுகப்படுத்தக் கூடாது. அந்த நூலாசிரியரோடு முரண்படுபவர்தான், ஆசிரியரே கேட்டாலும் ஒப்புக்கொள்ளும்படி, அவர் வாதத்தை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். மறுப்பு அதற்குப் பிறகு. அடுத்த மாதம் என் முறை. எழுந்து போனவர் முன்பு பரிந்துரைத்துவிட்டுப் போன நூலை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். அறிமுகக் குறிப்பை எழுதி முடித்ததும் முதலில் அவரிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன்.