மூடுவதற்கு முன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பழைய புரோட்டோன் சாகாவை விற்றேன். விற்கும்போது ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இருந்தாலும் அது நேர்மையான விற்பனையா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று விளக்க முதலில் கொஞ்சம் இரும்பைப் பற்றிப் பேச வேண்டும்.

காரின் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஒரு நீண்ட பெட்டி ஓடுகிறது. தகடுகளை மடித்துப் பற்றவைத்தது; உள்ளே வெறும் காலி இடம். பட்டறையில் அதை 'சில்' என்பார்கள். வண்டியின் பலத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. யாராவது பக்கவாட்டில் வந்து மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பவற்றில் அதுவும் ஒன்று. என் காரில் அது துருவேறி, ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும் நிலைக்கு வந்திருந்தது. கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "ஞாயித்துக்கிழமை வா தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சிடலாம்" என்றார்.

அன்று நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். இருக்கை, தரைவிரிப்பு, ஒயர் எல்லாவற்றையும் அகற்றினோம். பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துத் தள்ளி வைத்தோம். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒட்டுப் போட எடுத்தது துத்தநாகம் பூசிய தகடு. இரும்பு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள், ஆகாது. அதனால் தகட்டின் ஓரங்களில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பற்றவைத்தோம். தகடு நெளியாமலிருக்க இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனோம். முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்து எங்காவது புகை வருகிறதா என்று பார்த்தோம்.

இந்தக் கவனமெல்லாம் எங்களுக்காக. தவறினால் அன்றைக்கே, எங்கள் உடம்பிலேயே தெரிந்துவிடும்.

வேலையின் அடுத்த பாதி வேறு மாதிரியானது. பற்றவைத்த சூடு தகட்டின் உள்பக்கத்துப் பூச்சையும் எரித்துவிடுகிறது. வெளியே தேய்த்து, புட்டி வைத்து, பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே அதே கோடு அம்மணமாக நிற்கும். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அந்த இருட்டுப் பெட்டிக்குள் துரு அங்கிருந்துதான் தொடங்கும். இதற்கு மருந்து உண்டு. சின்னத் துளை வழியாக நீளக் குழாயை விட்டு உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். பிறகு ரப்பர் அடைப்பானால் மூட வேண்டும். மெழுகு தீப்பிடிக்கும், அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது. ஆகவே எல்லாம் முடிந்த பிறகுதான் அதைச் செய்ய முடியும். கார் பளபளவென்று நிற்கும்போது, எல்லாரும் களைத்துப்போன நேரத்தில்.

ஒரு கேன் மெழுகு, அரை மணி நேரம். கடையில் மெழுகு தீர்ந்திருந்தது. "நீதான் விக்கப் போறியே, போதும் லா" என்றார் அண்ணன். நான் துளையை மூடினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வெள்ளி குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் எங்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்து பில் போட அவரால் முடியாது. ஆனால் பல்கலைக்கழகத்தில் உலோக அரிப்பைப் பற்றிப் படித்தவன் நான். தெரிந்துதான் மூடினேன்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு மோதிரக் கதை வருகிறது. அணிந்துகொண்டு கல்லை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். யாரும் பார்க்காதபோது நல்லவன் நல்லவனாகவே இருப்பானா என்று கிளௌக்கோன் கேட்கிறான். எனக்கு மோதிரம் தேவைப்படவில்லை. நான் வெயிலில், வாங்க வந்தவரின் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். மறைந்திருந்தது என் வேலை மட்டும். "துரு இருக்கா அண்ணா?" என்று கேட்டார். "சில்லுல இருந்துச்சு, வெல்ட் பண்ணி சரி பண்ணியாச்சு" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. 'சரி' என்ற சொல்லை மட்டும் அவர் ஓர் அர்த்தத்தில் கேட்டார், நான் வேறொரு அர்த்தத்தில் சொன்னேன். அந்த இடைவெளியை நான் அறிந்திருந்தேன். பொய் சொல்லாமல் ஏமாற்றுவது என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அண்ணன் பட்டறையில் வேறொரு காரின் சில்லை வெட்டித் திறந்தார்கள். யாரோ எப்போதோ போட்ட ஒட்டு. வெளியே பெயிண்ட் அப்படியே இருந்தது. உள்ளே வெல்டிங் கோட்டை ஒட்டித் தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. அன்றிரவே என் காரை வாங்கியவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, வண்டியைக் கொண்டுவந்தால் என் செலவில் பார்த்துத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "இதுக்கா அண்ணா போன் பண்ணீங்க? அத வித்து ஒரு வருஷம் ஆச்சு. வியாபாரிகிட்டதான் கொடுத்தேன். இப்ப யாருகிட்ட இருக்குன்னு தெரியல."

மன்னிப்புக் கேட்க ஒரு முகம் வேண்டும். மறைந்த வேலையில் நாம் கடன்படுவது பெரும்பாலும் இன்னும் முகமே இல்லாத ஒருவரிடம். அவர் வந்து கேட்க மாட்டார். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட கடனைப் பிறகு தீர்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. எனக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன: துளையை மூடுவதற்கு முன் ஒன்று, பேச்சை முடிப்பதற்கு முன் இன்னொன்று. இரண்டு முறையும் சில நிமிடச் சோம்பலுக்கும் சில நூறு வெள்ளிக்கும் அதை விட்டுக்கொடுத்தேன்.

போனில் அவர் பெருந்தன்மையாகத்தான் பேசினார். ஆனால் மன்னிக்க வேண்டியவர் அவரில்லையே. அந்த நபர் இந்நேரம் எங்கோ மழையில், பின் இருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்து, என் காரை ஓட்டிக்கொண்டிருக்கலாம்.