இருக்கையா, இருந்தவரா?

ஒருவர் அஞ்சாமல் நீதி வழங்கினார் என்றால், அந்த அஞ்சாமை அவருடைய இயல்பிலே பிறந்ததா, அன்றி அவர் அமர்ந்திருந்த இருக்கை அவருக்கு அளித்ததா? அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் கோப்புகளோடு காலங்கழித்த எவருக்கும் இவ்வினா ஒருமுறையேனும் தோன்றாமற் போகாது. 'வேலைக்கு ஆபத்தில்லை என்ற உறுதி மட்டும் இருந்திருந்தால் நானும் உள்ளதை உள்ளபடி எழுதியிருப்பேன்' என்போரை நாம் அறிவோம். அந்த உறுதி இருந்தும் எழுதாதவர்களையும் அறிவோம். அவர்கள் தொகை குறைவன்று.

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாவட்ட நீதிபதி தகுந்ததொரு சான்று என்று எனக்குத் தோன்றுகிறது. உலகிலே அவருக்கிருப்பது போன்ற பதவிப் பாதுகாப்பு வேறு பணியாளர்க்கு இருப்பது அரிது. குடியரசுத் தலைவர் அவரைப் பரிந்துரைக்கிறார். செனட் சபை ஒப்புதல் தருகிறது. அதன்பின் நன்னடத்தை உள்ளவரை அவர் பதவி அவருடையது. ஓய்வு வயது என்று ஒன்றில்லை. ஊதியத்தைக் குறைக்க இயலாது. பதவியிலிருந்து நீக்க வேண்டுமாயின் கீழவை குற்றஞ்சாட்டி மேலவை விசாரித்துத் தண்டிக்க வேண்டும். அந்நாட்டு வரலாறு முழுவதிலும் அவ்வாறு நீக்கப்பட்ட நீதிபதிகள் எண்மரே.

ஆனால் அந்த இருக்கைக்கு வந்துசேரும் வழியைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். நம் நாட்டிலே ஒருவர் தேர்வெழுதி முன்சீப் ஆகிறார். படிப்படியாக உயர்ந்து மாவட்ட நீதிபதி ஆகிறார். சிலர் வழக்கறிஞராக இருந்து நேரே மாவட்ட நீதிபதிப் பதவிக்கு வருகிறார்கள். அதற்கும் தேர்வு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிக்குத் தேர்வு இல்லை, பணிமூப்புப் பட்டியல் இல்லை. அவருக்கு வயதோ கல்வியோ இவ்வளவு வேண்டும் என்றுகூட அவர்கள் அரசியலமைப்புச் சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் அந்த மாநிலத்துச் செனட்டர்களின் நல்லெண்ணம் பெரிதும் வேண்டும். அரசியலின் வாயில் வழியே நுழைந்து, நுழைந்த பின் அரசியல் தீண்ட முடியாத அறையில் அமர்வது என்று இதைச் சொல்லலாம். அப்படி நுழைந்தவர் என்ன செய்வார்?

தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங் என்பவரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது. ஆனால் நேரான விடையாகக் கூறவில்லை. எட்டுத் தலைமுறையாக அந்நகரில் வாழ்ந்த குடும்பம் அவருடையது. தந்தையார் உள்நாட்டுப் போரில் தென்னவர் படையில் நின்று பொருதவர். வேரிங் சட்டக் கல்லூரிக்குச் செல்லாமல், ஒரு வழக்கறிஞரிடம் சட்டம் பயின்று 1902இல் தொழிலைத் தொடங்கினார். 1914இல் கூட்டாட்சி அரசின் உதவி வழக்கறிஞரானார். பின்னர் நகராட்சியின் சட்ட ஆலோசகராகப் பல்லாண்டுகள் இருந்தார். நிறவெறிப் பேச்சுக்குப் பேர்போன எல்லிசன் ஸ்மித் என்ற செனட்டருக்காகத் தேர்தல் பணியும் ஆற்றினார். நல்ல குடி, நல்ல நண்பர்கள், நல்ல கிளப்புகள். 1942 ஜனவரியில் ரூசவெல்ட் அவரை நீதிபதியாக்கியபோது அவருக்கு அறுபத்தொன்று வயது. நம் உயர்நீதிமன்ற நீதிபதிகள் பொன்னாடை போர்த்திக்கொண்டு வீடு திரும்புவதற்கு ஓராண்டே மீதமிருக்கும் வயது அது. இவரைத் தேர்ந்தெடுத்ததால் ஊர் வழக்கத்துக்கு ஏதும் நேராது என்றே எல்லோரும் நினைத்திருப்பர்.

முதல் அறிகுறி 1944இல் தெரிந்தது. சார்ல்ஸ்டன் பள்ளிகளில் ஒரே தகுதியுடைய ஆசிரியர்களுள் கறுப்பினத்தவருக்குக் குறைந்த ஊதியமும் வெள்ளையருக்கு மிகுந்த ஊதியமும் வழங்கப்பட்டு வந்தன. கறுப்பின ஆசிரியை ஒருவர் வழக்குத் தொடுத்தார். சட்டம் தெளிவாக இருக்கிறது, இதில் நீண்ட வாதத்துக்கு இடமில்லை என்று வேரிங் காட்டிவிட்டார். ஊதியச் சமன்பாட்டுக்கு ஆணை பிறந்தது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை உலுக்கியது 1946ஆம் ஆண்டின் வழக்கு. ஐசக் வுட்டர்ட் என்ற கறுப்பினப் படைவீரர் போர்ப்பணி முடிந்து, சீருடை களையாமலே பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஓட்டுநரோடு ஏதோ வாக்குவாதம். பேட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் அவரை இறக்கினர். அவ்வூர்க் காவல்துறைத் தலைவர் தடியால் அடித்ததில் வுட்டர்டின் இரு கண்களும் பார்வை இழந்தன. கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கு வேரிங்கின் முன் வந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் காட்டிய அலட்சியம் அவரைச் சினமூட்டியது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் குற்றவாளியல்லர் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவு விரைவில் ஜூரியினர் திரும்பி வருவது நீதிமன்றத்துக்கே இழிவு என்று கருதி, தாம் வெளியே உலாவச் சென்றுவிட்டதாக வேரிங் பின்னாளில் கூறியுள்ளார். நீதிபதி இல்லாமல் தீர்ப்பைக் கேட்க ஆளில்லை அல்லவா? அவர் துணைவியார் எலிசபெத் நீதிமன்றத்திலிருந்து கண்ணீரோடு வீடு சென்றார். அதன்பின் கணவனும் மனைவியும் மாலைப் பொழுதுகளில் தம் நாட்டின் நிறச்சிக்கலைப் பற்றிய நூல்களைக் கற்கத் தொடங்கினர். குன்னார் மிர்டால் எழுதிய பெருநூல் அவற்றுள் ஒன்று. அறுபத்தாறு வயதில், தாம் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒருவர் பாடம் படிக்கத் தொடங்குவது எளிதான செயலா?

1947இல் தேர்தல் வழக்கு. தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வார். உண்மையான வாக்கு அங்கேதான் இருந்தது. அதில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. இத்தகைய விலக்குச் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1944இல் கூறியதும், கட்சித் தேர்தலைப் பற்றிய சட்டங்கள் அனைத்தையும் மாநிலம் நீக்கிவிட்டு, இது தனியார் சங்கத்தின் செயல், அரசுக்கு இதில் தொடர்பில்லை என்று வாதிட்டது. வேரிங் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தம் மாநிலம் பிற மாநிலங்களோடு மீண்டும் வந்து சேர வேண்டிய வேளை வந்துவிட்டது என்ற பொருள்பட எழுதினார். அடுத்த ஆண்டு கட்சி வேறொரு சூழ்ச்சி செய்தது: வாக்களிக்க வருவோர் நிறப்பிரிவினையை ஆதரிப்பதாக உறுதிமொழி கூறவேண்டும் என்றது. அதையும் வேரிங் தடுத்தார். 1948 ஆகஸ்டில் நடந்த கட்சித் தேர்தலில் கறுப்பின மக்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

இப்போது ஊர் விழித்துக்கொண்டது. அவர்மீது கூறிய குற்றச்சாட்டு கவனிக்கத்தக்கது. அவர் 1945இல் முதல் மனைவியை மணவிலக்குச் செய்து, வடபுலத்தவராகிய எலிசபெத்தை மணந்திருந்தார். தென் கரோலினாவில் அந்நாளில் மணவிலக்குக்கே சட்டம் இல்லை. வேறு மாநிலத்துக்குச் சென்று பெறவேண்டியிருந்தது. பழைய சுற்றமும் நட்பும் கதவை அடைத்தன. 'அந்த அவமானத்துக்குப் பழிவாங்கவே கறுப்பர் பக்கம் சாய்கிறார்' என்றனர். முதல் மனைவியின் துன்பத்தை நான் சிறிதாகக் கருதவில்லை. அது அவர் வாழ்வின் கணக்கில் எழுதப்படவேண்டியதே. ஆனால் ஒரு குமாஸ்தாவுக்குரிய வழக்கப்படி தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆசிரியர் ஊதிய வழக்கு 1944, மணவிலக்கு 1945. பழிக்குக் காரணம் நேரும் முன்பே நீதி தொடங்கிவிட்டது. அப்படியே உள்நோக்கம் ஏதேனும் இருந்ததென்று வைத்துக்கொண்டாலும், வாக்குச்சாவடிக்குச் சென்ற முப்பதாயிரம் பேருக்கு நீதிபதியின் மனக்காயத்தோடு என்ன தொடர்பு?

ஊர்விலக்கு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வேரிங் அதை முழுமையாகச் சுவைத்தார். அவரைப் பதவி நீக்க வேண்டும் என்றும், மாநிலத்தை விட்டு வெளியேற அவர்களுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டமன்றத்திலேயே தீர்மானங்கள் எழுந்தன. 1950 மார்ச்சில் வீட்டின் முன் சிலுவை கொளுத்தப்பட்டது. அக்டோபரில் வீட்டின்மேல் கற்கள் எறியப்பட்டன. அரசியலமைப்பு அவர் ஊதியத்தைக் காத்தது. ஒரு மாலை விருந்துக்கு அவரை அழைக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த அதனால் இயலவில்லை. பதவிப் பாதுகாப்பு என்று நாம் பெரிதாகப் பேசுவது இவ்வளவுதான். அது காக்கும் பொருள் ஒன்று. மனிதன் உண்மையில் இழக்க அஞ்சும் பொருள் பெரும்பாலும் வேறொன்று.

என் மனத்தை மிகவும் உறுத்துவது இதற்கப்பால் நிகழ்ந்தது. கிளாரண்டன் மாவட்டத்துக் கறுப்பினப் பெற்றோர் தம் பிள்ளைகளின் பள்ளிக்கு வெள்ளையர் பள்ளிக்கு நிகரான வசதி கேட்டு வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்காக வாதிட்டவர் தர்குட் மார்ஷல். 1967இல் உச்சநீதிமன்ற நீதிபதியானவர். 1950 நவம்பரில் வேரிங் அவரை அழைத்து, சம வசதி கேட்பதை விட்டுவிட்டு, பிரித்து வைப்பதே சட்டவிரோதம் என்று புதிய வழக்குத் தொடுக்குமாறு தூண்டினார். அப்படித் தொடுத்தால் மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்க வேண்டும். மூவரில் இருவர் எதிராகவே தீர்ப்பளிப்பர் என்பது தெரியும். ஆயினும் மேல்முறையீடு நேரே உச்சநீதிமன்றத்துக்குச் செல்லும். இது நடுவர் செய்யத்தக்க செயலா? நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயின்ற நமக்கு இது எளிதில் செரிக்காது. துலாக்கோலைப் பிடித்தவரே ஒரு தட்டில் எந்தக் கல்லை வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இந்த இடத்தில் வேரிங் எல்லை கடந்தார் என்றே நான் எண்ணுகிறேன். அவர் சொல்லிக்கொடுத்த கல் சரியான எடையுள்ளதாக இருந்தது என்பது வேறு செய்தி.

1951 மே மாதம் சார்ல்ஸ்டனில் விசாரணை. உடன் அமர்ந்தவர்கள் ஜான் பார்க்கர், ஜார்ஜ் டிம்மர்மன். பார்க்கரைக் கொடியவர் என்று தள்ளிவிட முடியாது. தேர்தல் வழக்கில் வேரிங்கின் தீர்ப்பை மேல்முறையீட்டில் உறுதி செய்தவரே அவர். 1896ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் புகைவண்டி வழக்கில், பிரித்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று கூறியிருந்தது. மேலிடத்து ஆணையை மேலிடமே மாற்றவேண்டும், கீழ்நீதிமன்றத்துக்கு அந்த உரிமை இல்லை என்பது பார்க்கரின் நிலை. அலுவலக ஒழுங்கை அறிந்த நான் இதைக் குறைகூற மாட்டேன். ஆனால் மேலிடம் தன் ஆணையை மறுபடியும் பார்க்க வேண்டுமானால், கீழிருந்து யாரேனும் ஒருவர் கோப்பில் மாறுபட்ட குறிப்பு எழுதி அனுப்பத்தானே வேண்டும்? இருவருக்கு எதிராக ஒருவராய் நின்று வேரிங் அந்தக் குறிப்பை எழுதினார். புகைவண்டிக்குக் கூறியது பள்ளிக்குப் பொருந்தாது என்றும், பிரிப்பதே சமமின்மை என்றும் எழுதினார். 1954 மே 17ஆம் நாள் உச்சநீதிமன்றம் இவ்வழக்கையும் சேர்த்து முடிவுசெய்த பெருந்தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அம்முடிவுக்கே வந்தனர்.

மூவருக்கும் ஒரே வகை இருக்கை. ஒரே ஊதியப் பாதுகாப்பு. ஆகவே இருக்கை மட்டும் அந்தக் குறிப்பை எழுதவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இருக்கை கிடைக்கும்வரை, அறுபத்தோர் ஆண்டுகள், அதே ஊரில் அதே அநீதிகளுக்கு நடுவே வேரிங் வாழ்ந்தார், வாய் திறக்கவில்லை. அவருக்குள் ஏதோ இருந்திருக்க வேண்டும். இருக்கையில்லாமல் அது வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. இயல்பு, இருக்கை இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று நிறுத்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

எழுபது வயதும் பத்தாண்டுப் பணியும் நிறைந்தால் முழு ஊதியத்தோடு ஓய்வு பெறலாம் என்பது அந்நாட்டு விதி. வேரிங்குக்கு 1952 ஜனவரியில் பத்தாண்டு நிறைந்தது. பிப்ரவரியில் ஓய்வுபெற்று நியூயார்க் சென்றார். வீரர் ஓய்வூதியக் கணக்குப் பார்த்தாரே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் அவர் நம்மைப் போன்றவர் என்ற நெருக்கம் உண்டாயிற்று. பணிக்காலம் நிறைய ஏழு மாதங்களே இருந்தபோது அந்த மாறுபட்ட குறிப்பை எழுதினார் என்பதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1968 ஜனவரியில் மறைந்தார். உடலைச் சார்ல்ஸ்டனுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தனர். கறுப்பின மக்கள் இருநூறு பேர் அளவில் வந்திருந்தனர். வெள்ளையர் பன்னிரண்டு பேர்கூட இல்லை. அந்நகரின் கூட்டாட்சி நீதிமன்ற வளாகத்துக்கு அம்மாநிலத்து முன்னாள் ஆளுநரும் செனட்டருமான எர்னஸ்ட் ஹாலிங்ஸின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. தம் பெயரை எடுத்துவிட்டு வேரிங்கின் பெயரை வைக்குமாறு ஹாலிங்ஸே கேட்டுக்கொண்டார். 2015ஆம் ஆண்டில் பெயர்ப்பலகை மாற்றப்பட்டது.