இன்னொரு மாம்பழம்

காரைக்காலம்மையார் கதையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பேயுருவுக்கும் முந்தியது, கயிலைக்குத் தலையால் நடந்து போனதற்கும் முந்தியது. ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளை.

கடையில் இருக்கும் கணவன் பரமதத்தனுக்கு யாரோ இரண்டு மாங்கனிகள் கொடுக்கிறார்கள். அவன் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறான். பசியோடு ஒரு சிவனடியார் வந்து சேர்கிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதி, அதுதான் அம்மையாரின் இயற்பெயர், ஒரு பழத்தை வைத்து அவருக்குச் சோறு போடுகிறாள். பிறகு கணவன் வந்து உட்காருகிறான். மிச்சமிருந்த பழத்தை இலையில் வைக்கிறாள். அதன் ருசி விடவில்லை. இன்னொன்றையும் கொண்டுவா என்கிறான்.

இங்கே சொல்ல வேண்டியது ஒரு வரி. பசியோடு ஒருவர் வந்தார், அவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி அவள் வாயில் வரவில்லை. பழம் எடுக்கப் போகிறவள்போல உள்ளே போகிறாள், தவித்து நிற்கிறாள், இறைவனை நினைக்கிறாள். கைக்கு ஒரு பழம் வருகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடியது பக்தியின் பெருமையைச் சொல்ல. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனாலும் அந்தத் தவிப்பு எனக்குள் தங்கிவிட்டது. பரமதத்தன் கொடுமைக்காரன் என்று கதையில் எங்கும் இல்லை. மாமியார், நாத்தனார் பிடுங்கலும் இல்லை. ஒரே மகளைப் புகுந்த ஊரான நாகப்பட்டினத்துக்கு அனுப்ப மனம் வராமல், அப்பா தனதத்தன் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனி வீடு அமைத்து, பொருளும் கொடுத்துக் குடிவைத்திருந்தான். அப்பா கூப்பிடு தூரத்தில். பணத்துக்குக் குறைவில்லை. அப்படியும் ஒரு மாம்பழத்துக்குக் கணக்குச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

சின்ன உண்மை ஒன்றைச் சொல்வதற்கு அற்புதம் தேவைப்படும் வீட்டில் இருவருக்கும் நடுவே எதுவோ சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. பக்தர்கள் கோபித்துக்கொண்டால் மன்னிக்கட்டும்.

*

எனக்குத் தெரிந்த வீடுகளில் அற்புதத்துக்கு வழியில்லாததால் பொய் இருக்கிறது. அம்மாவின் மாத்திரைக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபே செய்துவிட்டு, பேங்க் மெசேஜை அழித்துவிடுகிற பெண். ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் புடவையை எழுநூறு என்று சொல்கிறவள். சிநேகிதனுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டு, சம்பளம் லேட் என்று வீட்டில் சொல்லும் ஆண். பட்டிமன்றங்களில் இதெல்லாம் கைதட்டல் வாங்கும் நகைச்சுவை. கேட்கும்போது நானும் சிரிக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், ஐந்நூறு ரூபாயை மறைக்கும்போது அவள் விரல் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்று தோன்றுகிறது.

பொய் சொன்னது தப்பா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறதே, அதுதான் விஷயம். கத்தல், அல்லது மூன்று நாள் மௌனம், அல்லது சாப்பிடும்போது ஒரு குத்தல். இவற்றில் எது வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டே ஒருவரால் எத்தனை வருஷம் பிரியமாக இருக்க முடியும்?

*

மயிலாடுதுறையில் என் அத்தை வீடு. காலை ஆறரை மணி. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடை முழுக்க ஓடி, தரைக்கும் சொட்டுகிறது. அத்தை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். மாமா ஈரத் துண்டோடு உள்ளே வருகிறார்.

"பால் அவ்வளவும் போச்சுங்க. நான்தான் பார்க்கல."

"சரி, கடுங்காப்பி போடு."

அவ்வளவுதான். அத்தை அடுப்பைத் துடைக்க, மாமா பழைய துணி ஒன்றை எடுத்துத் தரையைத் துடைக்கிறார். இதைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருப்பேன். இதில் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். "நான்தான் பார்க்கல" என்று அத்தை சொன்னபோது குரல் இறங்கவில்லை, சிரித்து மழுப்பவில்லை, பழியைப் பக்கத்து வீட்டுக்காரி மேல் போடவும் இல்லை. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. அத்தைக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. சொந்தச் சம்பாத்தியம் கிடையாது. மாமா முன்கோபி என்று ஊரில் பெயர். ஆனால் அந்தக் கோபம் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததாக எனக்கு நினைவில்லை.

சொத்தும் சம்பளமும் வேண்டும். பெண்ணுக்கு அவை இல்லாத காலத்தை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். பக்கத்து வீட்டில் பணக்கார அப்பாவை வைத்திருந்த புனிதவதிக்குக் கிடைக்காத ஒன்று, கையில் காசில்லாத அத்தைக்குக் கிடைத்திருந்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

*

கதையின் மிச்சத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இரண்டாவது பழத்தின் ருசியே வேறு. இது ஏது என்று கேட்கிறான். இனி மறைப்பது சரியில்லை என்று நடந்ததைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வருகிறது. அவன் கைக்குப் போனதும் மறைந்துவிடுகிறது. அவனுக்குப் பயம் பிடிக்கிறது. வணிகம் என்று சொல்லிக் கப்பலேறி, பாண்டி நாட்டில் ஓர் ஊரில் தங்கி, வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். செய்தி தெரிந்த சுற்றத்தார் இவளைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். போகலாமா என்று அவளை யாராவது கேட்டார்களா? கதை சொல்லவில்லை. இன்றும் அதிகம் கேட்பதில்லை. பல்லக்குக்குப் பதில் கார் வைத்து அழைத்துப்போய் விட்டுவருகிறோம்.

புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான் அவன். இவர் மனிதப் பிறவியே இல்லை, தெய்வம் என்கிறான்.

கும்பிட்டுவிட்டான் என்று கதை கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். எனக்கு அந்தக் கும்பிடு ஒரு கதவடைப்பாகத்தான் படுகிறது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், அவள் சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டாம், விட்டுவிட்டு வந்ததற்குக் காரணமும் சொல்ல வேண்டாம். "நீ தேவதை", "உன் தகுதிக்கு நான் எம்மாத்திரம்" என்று சொல்லி விலகிப் போகிறவர்களை இந்தக் காலத்திலும் பார்க்கிறேன். கேட்டவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வைத்திருப்பாள்.

அவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதையைக் கழற்றிவிடு என்று அவள் இறைவனிடம் கேட்டது அதன் பிறகுதான். வைராக்கியம் என்பார்கள். இருக்கலாம். ஒருவனுக்காகவே உடம்பை வைத்திருந்தவளுக்கு, அவன் வேண்டாம் என்றதும் உடம்பு எதற்கு என்று தோன்றியதையும் நான் அதில் கேட்கிறேன். பிறகு அவர் பாடியதெல்லாம் வேறு உயரம். சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அந்த உட்காருதலைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிறகு பிட்சாடனர் வீதியுலா. மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், கீழே கூட்டம் கை நீட்டிப் பிடிக்கும். கப்பலேறி ஓடிப்போன மாப்பிள்ளையை ஊரே கூடி வருஷா வருஷம் அழைத்துவருகிறது. நம் ஊர்களுக்குக் கல்யாணத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை அப்படி.

*

வீட்டுக்குத் திரும்பி வந்த மகளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி: "அடிச்சாரா?"

இல்லை என்றால், கேட்டவர்கள் முகத்தில் நிம்மதி வருகிறது. அப்புறம் என்ன, அனுசரித்துப் போ. அடித்தார் என்றாலும் எத்தனை தடவை, குடித்திருந்தாரா என்று துணைக்கேள்விகள் உண்டு. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தெருவில் அந்தக் கணக்கை வீடு வீடாகப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் நம் சொந்தக்காரர்களைவிட விவரமானது. உடம்பில் காயம் வேண்டும் என்று அது கேட்பதில்லை. இழிவாகப் பேசுவது, குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது, சீர் நகையைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் வன்முறை. தாலி கட்டாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழும் பெண்ணும் அந்தச் சட்டத்தின் உதவியைக் கேட்கலாம். 181 என்ற எண்ணைச் சுழற்றினால் பேச ஆள் உண்டு. தெரிந்து வைத்திருக்க வேண்டியவை என்பதால் குறித்து வைக்கிறேன்.

*

பாலசந்தரின் 'அவர்கள்' 1977இல் வந்த படம். சந்தேகப் பிராணியான கணவனாக ரஜினிகாந்த், மனைவி அனுவாக சுஜாதா. விவாகரத்துக்குப் பின் அவன் திருந்தியவனாக வந்து நிற்கிறான். முதல் பாதியில் அவன் செய்கிற கொடுமையைவிட, பின்னால் அவன் காட்டும் பணிவுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் அனு அதை நம்பிவிடுகிறாள். பார்க்கிற நாமும் கொஞ்சம் நம்புகிறோம்.

நெடுநாள் மட்டம்தட்டப்பட்டவருக்கு மன்னிப்புக் கேட்கும் குரல் காதலைவிட இனிக்கும். கேவலப்படுத்தியவர் வாயாலேயே தன் மதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற ஏக்கம் அது. கண்ணீர், பூங்கொத்து, நள்ளிரவில் நீளநீளமான வாட்ஸப். அடுத்த மாதம் மறுபடி பழையது. அந்த ஏக்கம் இருக்கும்வரை எத்தனை தடவை விட்டுவந்தாலும் கால் அங்கேயே போகும். படத்தின் முடிவில் அனு, அந்தக் கணவன் உட்படத் தன் வாழ்க்கையில் வந்த மூன்று ஆண்களில் யாரையும் சேராமல் ரயிலேறுகிறாள். கூடப் போவது அவளுடைய மாமியார், அதாவது அந்தக் கணவனைப் பெற்றவள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதற்குப் பக்கத்தில் வரும் முடிவுகளைத் தமிழ்த் திரையில் நான் அதிகம் பார்க்கவில்லை. பின்தொடர்ந்து பின்தொடர்ந்து சம்மதம் வாங்கும் நாயகர்கள்தான் நிறைய.

*

'வேண்டாம்' என்று சொல்லப் பழகுவது எந்த வயதில்? மூன்று வயதுக் குழந்தை ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு முத்தம் கொடுக்க மறுக்கிறது. "மாமா அழுவாரு பாரு, குடு." கொடுக்கிறது. எல்லோரும் சிரிக்கிறோம். தன் மனசுக்கு ஒவ்வாததை அடுத்தவர் முகம் வாடுமே என்று செய்வதுதான் பாசம் என்று அதற்கு அன்றைக்கே சொல்லிக்கொடுத்தாயிற்று. இருபது வருஷம் கழித்து அதே பிள்ளையிடம், "பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே?" என்று ஆச்சரியப்படுகிறோம்.

*

அக்கா மகளுக்கு வரன் பார்த்தார்கள். பையனும் இவளும் போனில் பேசிக்கொள்கிறார்கள். "எப்படி சித்தி கண்டுபிடிக்கிறது? எல்லாரும் இப்ப நல்லாத்தானே பேசுவாங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "ஏதாவது சின்ன விஷயத்துக்கு வேணாம்னு சொல்லிப் பாரு. நிஜமாவே உனக்கு வேணாம்னு இருக்கறதா இருக்கணும். சோதிக்கணும்னு நாடகம் போடாதே."

ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கூப்பிட்டிருக்கிறான். இவளுக்கு அசதி. வரலை என்றிருக்கிறாள். அவன் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒன்றும் நடக்காததுபோல குட்மார்னிங் வந்தது. பழைய ஆளாக இருந்திருந்தால் நானே 'போனால் போகட்டும், பேசிட்டானே' என்றிருப்பேன். இவள் விடவில்லை. அந்த ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல, எதனால பேசாம இருந்தீங்க என்று நேராகக் கேட்டிருக்கிறாள். எங்க வீட்டுல அப்பா அப்படித்தான், கோபம் வந்தா பேச மாட்டார் என்றிருக்கிறான். அவர் பேசாம இருந்தப்ப உங்க அம்மா எப்படி இருந்தாங்க என்று இவள்.

அவன் யோசித்துவிட்டு, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் என்றானாம். அந்தப் பதில் இவளுக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. கொஞ்சம்தான். இன்னும் ஆறு மாதம் பேசிப் பார்க்கிறேன், அதற்குள் தேதி குறிக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அவனும் தன் வீட்டில் அதையே சொல்லியிருக்கிறானாம்.

ஆறு மாசம் கழிச்சு மண்டபத்துக்கு எங்கே போறது என்று அக்கா தினமும் எனக்கு போன் செய்து புலம்புகிறாள்.