பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?

கீமோ ஏறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். சமையலறைத் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். முறத்தில் சின்ன வெங்காயம். உரித்தது பத்து, உரிக்க வேண்டியது ஒரு படி. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறார். இரவு ஒன்பதுக்கே படுத்து, காலை ஏழுக்கு எழுந்தவர்தான். "இப்பத்தானே தூங்கி எழுந்தே, அதுக்குள்ள என்ன?" என்று கூடத்திலிருந்து குரல் வருகிறது. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. புற்றுநோய் புகுந்த வீடுகளில் பழகிப்போன காட்சி இது.

களைப்பு, அசதி, சோர்வு, அயர்ச்சி, தளர்ச்சி என்று தமிழில் இதற்குச் சொற்களுக்குக் குறைவில்லை. பக்கத்திலேயே சோம்பல் என்ற சொல்லும் காத்திருக்கிறது. நாள் முழுக்க உழைத்தவர் 'அசதி' என்றால் காலை நீட்டச் சொல்கிறோம். உழைக்காதவர் அதையே சொன்னால் நம் காதில் சோம்பல் என்று விழுகிறது. புற்றுநோய்க் களைப்புக்கோ, செய்த வேலையோடு கணக்குப் பொருந்துவதே இல்லை. தூங்கினாலும் தீராது. ரத்தசோகை, உடலுக்குள் கனலும் அழற்சி, தைராய்டு குறைவு, வலி, கெட்டுப்போன உறக்கம், மனச்சோர்வு எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. 'கரண்ட்' எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் சிலரை அது விடுவதில்லை.

படுத்திருப்பவரின் மனத்தில் அப்போது எழும் கேள்விக்கு மருந்துச் சீட்டில் பதில் கிடையாது. யாருக்கும் உதவாத இந்த உடம்பு, மற்றவர்களின் கவனிப்பை எந்த உரிமையில் கேட்பது?

பௌத்தத் துறவியரின் ஒழுங்கு நூலான விநயப் பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், இந்தக் கேள்வி ஒரு நிகழ்ச்சியாகவே வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். ஆனந்தருடன் தங்குமிடங்களைச் சுற்றிவரும் புத்தர் அவரைப் பார்த்துவிடுகிறார். என்ன நோய் என்று கேட்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்றதும், ஏன் மற்ற பிக்குகள் பார்த்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறார். நோயாளி சொல்லும் பதில் நெஞ்சை அறுக்கிறது: தான் அவர்களுக்கு எந்த வகையிலும் பயன்படவில்லையாம், அதனால்தான் அவர்கள் வரவில்லையாம். அந்தப் பதிலில் புகார் இல்லை. நியாயம்தானே என்று அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

புத்தர் அந்த நியாயத்தோடு வாதாடவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பிறகுதான் சங்கம் கூடுகிறது. தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்று கேட்கிறார்.

வினைப் பயனைப் போதித்தவர் அவர். ஆனாலும் அந்தக் கட்டிலருகே முன்வினை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீடுகளில் நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. ஒருவர் 'போன ஜென்மத்துப் பாவம்' என்கிறார். இன்னொருவர் 'மனசைத் தைரியமா வச்சுக்கோ, எல்லாம் மனசுதான்' என்கிறார். இரண்டாமவர் முன்னேறியவர் போலத் தெரிந்தாலும், இருவரும் நோயைச் சுமப்பவரின் தலையில்தான் பொறுப்பையும் ஏற்றுகிறார்கள். முன்னவர் பழைய பிறவியைக் குற்றம் சொல்கிறார், பின்னவர் இன்றைய மனத்தை. எழ முடியாத காலையில், தைரியம் போதவில்லையோ என்ற குற்ற உணர்வும் சேர்ந்து உடம்பை அழுத்துகிறது.

மனநல ஆதரவு களைப்பைக் குறைக்கிறது என்றால், களைப்பு வெறும் மனப்பிரமை என்றுதானே பொருள்? படித்தவர்கள்கூட இங்கே தடுக்கி விழுகிறார்கள். பேசிக் குறைவதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பிரசவ வலியில் துடிப்பவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டால் வலி சற்றுத் தாங்கக்கூடியதாகிறது. அதற்காக வலியே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

சிகிச்சை நடக்கும் காலத்தில் தரப்படும் இத்தகைய ஆதரவை, 2009-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அலசியது. மொத்தம் 27 ஆய்வுகள், 3,324 பேர். பொதுவான ஆறுதலும் ஆலோசனையும் தந்த 22 ஆய்வுகளில் மூன்றில் மட்டுமே களைப்பு குறிப்பிடும்படி குறைந்தது. களைப்பையே எடுத்துப் பேசியவை ஐந்து, அவற்றில் நான்கு பயன் தந்தன. எண்ணிக்கை சிறியது, முடிந்த முடிவு என்று கொள்ள முடியாது. ஆனால் அந்த ஐந்தும் நடந்த விதம் கவனிக்கத் தக்கது. புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் நோயாளியோடு தனியே, சுமார் மூன்று முறை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இந்தக் களைப்பு ஏன் வருகிறது, எந்த வேலையை எப்போது செய்வது, எதை விட்டுவிடுவது என்பவைதான் பேச்சு. 2017-இல் 113 ஆய்வுகளையும் 11,525 பேரையும் சேர்த்துப் பார்த்த மற்றொரு பகுப்பாய்வில், உடற்பயிற்சியும் உளவியல் உதவியும் தந்த பலனை மாத்திரைகள் தரவில்லை.

அதே மகாவக்கத்தில் புத்தர் நோயாளிக்கும் ஒரு கடமை வைக்கிறார். கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது, அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்று பார்த்துக்கொள்பவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். இன்று மருத்துவமனையில் 'களைப்புக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். நாலும் அதற்கு மேலும் என்றால் தீர விசாரிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நம் பெண்களில் பலர் ஏழு இருக்கும்போது இரண்டு என்பார்கள். உண்மையைச் சொன்னால் வீட்டில் யாருக்குச் சிரமம் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே அந்த எண்ணைக் குடும்பமும் கேட்டாக வேண்டும். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தே எண்ணினார். செவிலியர் முன்னால் கணவரும் உட்கார்ந்து கேட்டால், 'அதுக்குள்ள என்ன?' என்ற கேள்வி வீட்டில் மெல்ல மாறுகிறது. காலையில் கொஞ்சம் தெம்பு இருக்கிறதா? அந்தத் தெம்பை எதற்குச் செலவிட ஆசை?

தரையில் சாய்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் கேட்டால், மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்று சொல்லக்கூடும். அப்படியென்றால் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும், மகள் கீழே உட்காரட்டும். மாலையில் தெருமுனை வரை நடக்கத் துணைக்கு ஒருவர் வரட்டும். முறத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, மீதி வெங்காயத்தைக் கணவர் உரிக்கட்டும்.