குழி வெட்டியவரின் கடன்

நல்லம்பள்ளி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆழ்துளைக் கிணறு தோண்டுவதும், நீர் இல்லையெனில் அதைக் கைவிடுவதும் நாம் இங்கே அடிக்கடி காண்பவை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அத்தகைய குழியொன்றில் குழந்தை விழுந்து மாண்டபோது தமிழகமே கலங்கியது. குழி தோண்டியவரின் கடமை எப்போது முடிகிறது?

ஒருவன் குழி வெட்டி மூடாது விட, அதில் பிறனுடைய மாடோ கழுதையோ விழுந்தால், வெட்டியவனே ஈடு செய்ய வேண்டும் என்கிறது திருச்சட்டம் (விப 21:33-34). அப்படியாயின், மூடிவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றின் வரலாறு நம்மை இவ்வாறு கேட்கத் தூண்டுகிறது.

காங்கோ நாட்டின் கட்டாங்கா பகுதியில் உள்ளது ஷின்கொலொப்வே. பெல்ஜிய ஆட்சியின்போது, 1915இல், அங்கே யுரேனியத் தாது கண்டறியப்பட்டது. சுரங்க நிறுவனம் முதலில் நாடியது ரேடியத்தையே. யுரேனியம் ஏறக்குறையக் கழிவாகவே எண்ணப்பட்டது. 1940இல் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட தாது நியூயார்க் சென்றது. 1942இல் அமெரிக்கப் படைத்துறை அதை வாங்கியது. 1945 ஆகஸ்டு 6, ஆண்டவரின் தோற்றமாற்ற விழாவன்று, ஹிரோஷிமாவை எரித்த குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி இம்மண்ணிலிருந்து சென்றதே. தாம் வெட்டிச் சுமந்தது எதற்கென்று அத்தொழிலாளர் அறிந்திலர்.

1960இல் காங்கோ விடுதலை பெற்றது. சுரங்க வாயில்கள் சிமெண்டால் அடைக்கப்பட்டன, பசி அடைபடவில்லை. 1990களின் இறுதியில் ஏழை மக்கள் கோபால்ட் தேடி அதே இடத்தைக் கையால் தோண்டலாயினர். 2004 ஜனவரியில் அரசு தடை விதித்தது. அவ்வாண்டு ஜூலையில் மண் சரிந்து எட்டுப் பேரேனும் மடிந்தனர்.

தடையை மீறியவர் குற்றமே இது என்போர் உண்டு. நாம் அதை ஏற்க இயலாது. நிறுவனம் வாயிலை மூடியது உண்மையே. ஆனால் நிலத்தின் செல்வத்தை எடுத்துக்கொண்டு வறுமையை விட்டுச்சென்றவர், மூடிய குழியையும் திறந்தே விட்டுச்செல்கிறார். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். இலாபக் கணக்கையோ நாம் ஆண்டுதோறும் முடித்துவிடுகிறோம்.

தொலைநாட்டைக் குறைகூறி அமைதல் எளிது. இவ்வாரம் நம் நிலத்தில் வற்றிய கிணற்றுக்கு மூடி உண்டா எனப் பார்ப்போம். இருந்தால், அதை வெட்ட உழைத்தவர் வீட்டில் உலை கொதிக்கிறதா என்றும் பார்ப்போம்.